பள்ளத்தில் நாலு ஏக்கர்

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்கிற மனிதரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். அதற்கு முன் அதைப் பற்றிக் கேள்விப்பட்டதோடு சரி. சத்தியம் செய்தவர் வேறு யாருமில்லை... என் சொந்த அக்காள் புருஷன்!

போன வாரம் பத்திரிகையில் இந்த இடத்தில் என் பத்தி வரவில்லை. எங்கள் ஊர் கஜா பெராங் ரோட்டில் நிம்மதியாக நடக்க முடியவில்லை. ஆளுக்கு ஆள் மடக்கி, "என்ன வாத்தியாரே, உடம்புக்கு முடியலையா?" என்று விசாரிக்கிறார்கள். என் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. குடும்பத்துக்குத்தான் காய்ச்சல். அது பொருளாதாரத்தால் வந்த காய்ச்சல் என்று சொன்னால் நம்புவீர்களா?

முதலிலிருந்தே சொல்கிறேன்.

என் அக்காள் ருக்மணியின் மகள் வசந்தா, கோலாலம்பூரில் யூனிவர்சிட்டியில் படிக்கிறாள். எக்கனாமிக்ஸ். எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் யூனிவர்சிட்டி வாசலை மிதித்த முதல் பெண் அவள்தான். இன்னும் ஒரே ஒரு வருஷம் பாக்கி. அதை முடித்தால் பட்டம். லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள்.

"அப்படி என்னதான் சொல்லிக் கொடுக்கிறாங்க?" என்று ஒருநாள் கேட்டேன். நானும் ஒரு வாத்தியார்தானே... பக்கத்துக் கடையில் என்ன விற்கிறது என்று தெரிந்துகொள்கிற ஆசை.

"மாக்ரோ எக்கனாமிக்ஸ் மாமா. ஒரு ஆளு, ஒரு கடைன்னு பாக்காம, நாட்டையே மொத்தமா பாக்குறது."

"மொத்தமா பாத்தா என்ன தெரியும்?"

"ஒரு நாடு ஏன் வளருது, இன்னொண்ணு ஏன் நின்ன எடத்துலயே நிக்குதுன்னு தெரியும். கையில இருக்கிறதை எல்லாம் இன்னிக்கே தின்னுட்டா வளர முடியாது. கொஞ்சத்தை மிச்சம் பிடிச்சு, புது மெஷின், புது விதை, புது முறைன்னு போடணும். அப்பத்தான் நாளைக்கு விளைச்சல் கூடும்."

இன்றைக்கு வாயைக் கட்டினால் நாளைக்கு வயிறு நிறையும். இதைச் சொல்ல ஒரு யூனிவர்சிட்டியா என்று எனக்குச் சிரிப்பு. சிரித்தும் விட்டேன். வசந்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சிரிங்க மாமா. ஊருக்கே ஒரு நாள் எடுத்துச் சொல்றேன், அப்ப பாருங்க" என்றாள்.

சொல்லவும் செய்தாள்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வாங்கிய சூடு இன்னும் ஆறாத ஊர் எங்களுடையது. நாட்டை உயர்த்த வேண்டும் என்று யார் சொன்னாலும் கூட்டம் கூடும். பிள்ளையார் கோயில் இளைஞர் குழுவினர் வெள்ளிக்கிழமைப் பூஜையை ஒட்டி மண்டபத்திலேயே அவள் பேச்சுக்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாத்தி வைத்தது அடியேன்தான்.

வசந்தா நன்றாகப் பேசினாள். பொய் சொல்லக் கூடாது, பிரமாதமாகப் பேசினாள். சாக்பீஸால் பலகையில் ஒரு கோடு போட்டாள். கோடு கொஞ்ச தூரம் சமமாகப் போயிற்று. பிறகு லேசாகக் கீழே இறங்கியது. அப்புறம் விறுவிறுவென்று மேலே ஏறி, பலகையின் சட்டத்தையே தொட்டுவிட்டது.

"இதுதான் வளர்ச்சி" என்றாள். "நம்ம நாட்டு ரப்பர் மரத்துல பாதி கிழட்டு மரம். வெள்ளைக்காரன் காலத்துல நட்டது. வெளிநாட்டுல தொழிற்சாலையிலேயே ரப்பர் செய்ய ஆரம்பிச்சிட்டாங்க. நாம பழைய மரத்தையே சீவிக்கிட்டு இருந்தா ஒரு நாள் நம்ம பால வாங்க ஆளே இருக்காது. இப்ப ஆராய்ச்சி பண்ணிப் புது ஒட்டுக்கன்று கண்டுபிடிச்சிருக்காங்க. பழைய மரத்தை வெட்டிட்டு அதை நட்டா பல மடங்கு பால். கன்று வளர்ற வரைக்கும் வருமானம் இருக்காது. அதுதான் இந்தச் சின்னப் பள்ளம். இதைத் தாண்டிட்டா போதும்!"

கைதட்டல் மண்டபத்தை அதிர வைத்தது. நானும் தட்டினேன்.

அப்போதுதான் மளிகைக்கடை சின்னையா எழுந்தார். எந்தக் கூட்டத்திலும் கடைசியில் எழுந்து ஒரு கேள்வி கேட்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"எல்லாம் சரிலா பாப்பா. ஒங்கப்பா எப்ப வெட்டப் போறாரு?"

கொல்லென்று சிரிப்பு. அதில் தவறில்லை, ஊர் சிரிக்கத்தான் செய்யும். காரணம், புக்கிட் காதில் என்கிற இடத்துப் பக்கம் அக்காள் குடும்பத்துக்கு நாலு ஏக்கர் ரப்பர் இருக்கிறது. மேடையில் சொன்ன அதே கிழட்டு மரங்கள். கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.

வசந்தா சாக்பீஸும் கையுமாக நின்றாள். முகம் சிவந்து, கண் தாழ்ந்துவிட்டது.

பின்வரிசையில் இருந்து அத்தான் எழுந்தார். என் அத்தான் ஆறுமுகம் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. வீட்டில்கூட, கோப்பி வேண்டும் என்றால் டம்ளரை நகர்த்தி வைப்பார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் விடுவிடுவென்று நடந்தார். பூஜை முடிந்து பூசாரி கற்பூரத் தட்டோடு வெளியே வந்துகொண்டிருந்தார். எல்லாரும் கும்பிடத்தான் போகிறார் என்று நினைத்தோம். அத்தான் எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை ஓங்கி அடித்தார்.

"என் மக சொன்னது சரி. வர்ற வெள்ளிக்கிழமை நாலு ஏக்கரையும் வெட்டுறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. கரிந்த வாடையும் கொஞ்சம் புகையும் மட்டும் இருந்தன. சின்னையா மெதுவாக உட்கார்ந்தார்.

நாலு ஏக்கரை வெட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டும். அந்தத் தோட்டத்துப் பாலைத் தவிர அவர்களுக்கு வேறு வரும்படி கிடையாது. வீட்டுச் செலவும் அதிலிருந்துதான், வசந்தாவின் ஹாஸ்டலும் படிப்பும் அதிலிருந்துதான். மறுநடவுக்கு அரசாங்கம் உதவுகிறது, உண்மை. ஆனால் அது கன்றுக்கும் உரத்துக்கும் போய்விடும். புது மரம் பால் கொடுக்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை? வெள்ளிக்கிழமை மரம் விழுந்தால் வசந்தாவின் கடைசி வருஷமும் கூடவே விழும். மரத்தை வெட்டு என்று சொல்லிக் கொடுத்த படிப்பு, வெட்டிய மறுநாளே நின்றுவிடும்!

அன்று எல்லாரும் அக்காள் வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது வசந்தா உடைந்துவிட்டாள்.

"ஏம்பா இப்படிப் பண்ணீங்க? நான் நாட்டைப் பத்திப் பேசினேன்பா. நம்ம தோட்டத்தைப் பத்தி இல்ல."

அத்தான் திரும்பிப் பார்த்தார்.

"நம்ம தோட்டம் எந்த நாட்டுல இருக்கு?"

அக்காள் நேராகச் சமையல்கட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து அவள் அத்தானிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள்.

தாய்மாமன் என்று ஒருத்தன் இருந்தால் இந்த மாதிரி சமயத்தில் அவன்தான் அலைய வேண்டும். அலைந்தேன். பூசாரியிடம் போய், "ஏதாவது பரிகாரம் உண்டா?" என்று கேட்டேன். "கற்பூரத்த அணைச்சதுக்கு அப்புறம் என்கிட்ட வந்து என்ன பண்றது வாத்தியாரே? வெட்டுறேன்னு சொன்னவரு வெட்டித்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டு அவர் விளக்குத் திரியைத் தூண்டப் போய்விட்டார்.

அத்தானிடம் போனேன். "கோபத்துல சொன்னதுதானே அத்தான்... பிள்ளையாருக்குத் தெரியாதா?" என்றேன். அவர் பால் சீவுகிற உளியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். வெட்டப் போகிற மரத்துக்கு எதற்கு உளி என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியில் வசந்தாவிடமே ஒரு யோசனை சொன்னேன். இப்போது நினைத்தாலும் அது மட்டமான யோசனைதான். "அப்பாகிட்ட போயி, நான் மேடையில சொன்னது தப்புன்னு சொல்லிடும்மா. நீ தப்புன்னு சொன்னா அவரு நம்புவாரு. சத்தியத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

"தப்பில்லையே மாமா. நான் சொன்னது சரி. அதுதானே பிரச்சினையே!"

பிறகு தணிந்த குரலில் சொன்னாள். "நாடு முழுக்கப் பழைய மரம் போயி புது மரம் வந்தா நாடு வளரும். அதுல சந்தேகமே இல்ல. எங்க லெக்சரர் போர்டுல கோடு போடுறப்ப அந்தப் பள்ளம் இத்துனூண்டுதான் இருக்கும். 'சற்றுக் காலம்' அப்படின்னு சொல்லிட்டு, அடுத்த கோட்டுக்குப் போயிடுவாரு. நானும் அப்படியே எழுதிக்கிட்டேன். நல்ல மார்க்கும் வாங்கினேன். அந்தப் பள்ளத்துக்குள்ள ஆளு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல மாமா. இப்பப் பாத்தா எங்கம்மா இருக்கா, எங்கப்பா இருக்காரு... நானும் இருக்கேன்."

வீட்டுக்கு வந்து இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தேன். ஒரு வரி ஓடவில்லை. போன வாரம் பத்தி வராத கதை இதுதான்.

வெள்ளிக்கிழமை வந்தது. இந்தப் பாழாய்ப் போன வெள்ளிக்கிழமைகள் மட்டும் எப்படித்தான் இவ்வளவு சீக்கிரம் வருகின்றனவோ!

விடிந்தும் விடியாமலும் அக்காள் குடும்பமும் நானும் புக்கிட் காதில் போய்ச் சேர்ந்தோம். ஒவ்வொரு மரத்திலும் பால் பிடிக்கிற மங்கு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அத்தான் அன்று மரம் சீவவில்லை. மூங்கில் ஏணியும் வாளிகளும் ஓரமாகச் சாய்ந்து கிடந்தன. இத்தனை வருஷத்தில் அந்த நேரத்தில் அந்தத் தோட்டம் இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

மரம் வெட்ட வந்தவர் நடேசன். கம்போங் செட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய தமிழர் வம்சம். நெற்றி நிறைய விபூதி, இடுப்பில் சாரோங். அவர்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போனால் நம்மைவிட ஒரு படி அதிகமாகவே உருகிக் கும்பிடுவார். ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான், தமிழ் நாலு வார்த்தைக்கு மேல் தெரியாது. என்னை "சிக்கு" என்பார். வாத்தியார் என்று அர்த்தம். கூட இரண்டு ஆட்கள், கோடாலிகள், கனத்த கயிறு.

அத்தான் முதல் மரத்தைக் காட்டினார். நடேசன் அசையவில்லை. கோடாலியின் காம்பை எங்கள் பக்கம் நீட்டினார்.

"தூவான் தானா மெஸ்தி போத்தோங் டூலு, சிக்கு."

நிலத்துக்காரர்தான் முதல் வெட்டு வெட்ட வேண்டும் என்கிறார். அது அவருடைய தொழில் முறை. வாழ்கிற மரம், அதை விழச் சொல்கிறவர் கையாலேயே முதல் காயம் படட்டும், பழி பாவம் கூலிக்கு வந்தவன் தலையில் விழக் கூடாது என்பது அவர் கணக்கு. முதல் வெட்டு விழாத மரத்தை அவர் தொட மாட்டார்.

அத்தான் கையை நீட்டினார். கோடாலியைக் கொடுக்கும் முன் நடேசன் என்னிடம் ஒரு வழக்கத்துக்காகக் கேட்டார். "சியாப்பா தூவான் தானா?" நிலம் யாருடையது?

நானும் வழக்கம்போல, யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். எங்கப்பா என் அக்காளுக்குச் சீராகக் கொடுத்த நிலம் என்று மலாயில் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஊரெல்லாம் இதை ஆறுமுகம் தோட்டம் என்றுதான் சொல்லும். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். அக்காள்கூட அப்படித்தான் சொல்வாள். நிலம் அவள் பேரில் இருப்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாருக்கும் ஞாபகம் இல்லை!

நடேசன் கோடாலிக் காம்பை அத்தானிடமிருந்து திருப்பி, அக்காள் பக்கம் நீட்டினார்.

அக்காள் வாங்கிக்கொண்டாள். சேலை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். ஒரு வாரமாக மூடியிருந்த வாய் அப்போதுதான் திறந்தது. ஆனால் அவள் பேசியது அத்தானிடம் இல்லை.

"வசந்தா, இங்க வா. மேடையில பேசுனியே... அது நெசமா?"

வசந்தா தலையைக் குனிந்தாள்.

"என்னைப் பாத்துச் சொல்லுடி. நெசம்னா வெட்டுறேன். இல்லன்னா கோடாலியக் கீழ போட்டுட்டு வீட்டுக்குப் போவோம். பிள்ளையாரு வந்து என்னைக் கேக்கட்டும்."

ஒரு வார்த்தை போதும், தப்பு என்று ஒரு வார்த்தை. அவள் கடைசி வருஷம் பிழைத்துவிடும். சொல்லிவிடு பெண்ணே என்று மனசுக்குள் கெஞ்சினேன். அத்தான் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சலவைத் துணி மாதிரி வெளுத்திருந்தது அவர் முகம்.

வசந்தா நிமிர்ந்தாள். கண்ணில் நீர் நின்றது.

"நெசம்தான்மா. ஆனா... எனக்குப் பயமா இருக்கு."

அக்காள் கோடாலியைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"அதையும் சேத்து மேடையில சொல்லியிருக்கலாம்ல?"

அவ்வளவுதான் கேட்டாள். அப்புறம் திரும்பி, அத்தான் காட்டிய மரத்தை விட்டுவிட்டு, ஓடைக் கரைப் பக்கம் நடந்தாள். அங்கேதான் மரங்கள் ரொம்ப மோசம். பட்டை முழுக்கச் சீவித் தீர்ந்து, முடிச்சு முடிச்சாக நிற்கும், பாலும் கண்ணீர் மாதிரிதான் சொட்டும். முதல் மரத்தில் ஓங்கி ஒரு வெட்டு வெட்டினாள். வெட்டுவாயில் பால் கசிந்து வழிந்தது.

"இந்தப் பக்கம் ரெண்டு ஏக்கர வெட்டட்டும்" என்று என்னிடம் சொன்னாள். "அந்தப் பக்கம் அவ பரீட்சை முடிஞ்சப்புறம். நடேசன்கிட்ட சொல்லு."

சொன்னேன்.

"ருக்கு, சத்தியம் பண்ணியிருக்கேன்..." என்றார் அத்தான்.

"என் தோட்டத்துக்கு நீங்க எப்படிச் சத்தியம் பண்ணலாம்? யாரைக் கேட்டுப் பண்ணீங்க?"

அத்தானிடம் அவள் ஒரு வாரம் கழித்துப் பேசிய முதல் வார்த்தை அது. அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய்த் தோளில் கை வைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஓடைப் பக்கம் நின்ற மகளைப் பார்த்தபடி பேசினார்.

"அவ படிக்கப் போன நாளா, அவ பேசுற ஒண்ணும் எனக்குப் புரிஞ்சதில்ல மச்சான். லீவுக்கு வரும், என்னென்னமோ சொல்லும், நான் தலைய ஆட்டுவேன். அன்னிக்கு மண்டபத்துலதான் மொத மொதல்ல புரிஞ்சுது. மரம், கன்று, பால்... எல்லாம் எனக்குத் தெரிஞ்சது. எம்புள்ள என்ன படிக்குதுன்னு எனக்குப் புரிஞ்ச அந்த நேரத்துல, அத்தன பேரும் சிரிச்சிட்டானுங்க."

சொல்லிவிட்டு அத்தான் எழுந்து, நடேசனிடமிருந்து இன்னொரு கோடாலியை வாங்கிக்கொண்டு ஓடைப் பக்கம் போனார். சாயங்காலம் வரை வெட்டினார். அன்று மாலையே கோயிலுக்குப் போய், பாதிச் சத்தியத்துக்காகப் பிள்ளையாரிடம் தோப்புக்கரணம் போட்டதையும் நான் பார்த்தேன். அதை இங்கே எழுதியதற்கு அத்தான் என்னை மன்னிக்க வேண்டும்.

பாதித் தோட்டத்துப் பாலில் ஒரு வருஷம் ஓடுமா? தெரியாது. ஓடைக் கரையில் கன்று வளரும் வரை வாழையும் அன்னாசியும் போடலாம் என்று அக்காள் சொல்கிறாள். அவர்கள் காலைக் கோப்பிக்கு இப்போதெல்லாம் பால் இல்லை. கஷ்டம்தான், மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் அக்காள் வீட்டில் மறுபடி பேச்சுக் குரல் கேட்கிறது.

திங்கட்கிழமை வசந்தாவை பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மாமா, இந்தத் தடவை லெக்சரர் அந்தக் கோட்டைப் போட்டதும் கையத் தூக்கப் போறேன்" என்றாள்.

"என்ன கேப்ப?"

"இந்தப் பள்ளத்துல யாரு சார் இருக்காங்கன்னு கேப்பேன். பதில் தெரியலன்னா நான் சொல்றேன்."

பஸ் நகர்ந்துவிட்டது. யூனிவர்சிட்டியில் அப்படிக் கேட்டால் மார்க் கிடைக்குமா, குறையுமா? படித்தவர்கள் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

நாடு வளரத்தான் வேண்டும். பழைய மரம் விழத்தான் வேண்டும். நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் வளர்ச்சி என்று யாராவது பலகையில் கோடு போட்டால், கைதட்டுவதற்கு முன் நடேசனுடைய கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது. நிலம் யாருடையது? முதல் வெட்டு யார் கையால்?

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அன்று மண்டபத்தில் சிரித்தவர்களில் பாதிப் பேருக்குச் சொந்தமாகக் கிழட்டு மரங்கள் உண்டு, மளிகைக்கடை சின்னையாவுக்கும்தான். நேற்றுப் பூஜையில் கற்பூரத் தட்டு சுற்றி வந்தபோது, ஒருவர் பாக்கியில்லாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள்!